காதைப் பொத்தாத பிள்ளை

பருப்பு மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. சஷ்டிகா காதைப் பொத்தவில்லை. கரும்பலகையில் வட்டம் போட்டு அதை நாலாகப் பிரிக்கக் கோடு இழுத்துக்கொண்டிருந்த இந்திரகலா டீச்சரின் கை பாதிக் கோட்டில் நின்றது. ஐயோ, சொல்ல மறந்துவிட்டேனே என்றுதான் முதலில் தோன்றியது. சங்கு ஊதப்போகிறது என்று அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், வாயால் சொன்னால் போதாது, டெஸ்கில் விரலால் மெதுவாகத் தட்ட வேண்டும், தட்டினால் அவள் பையிலிருந்து காதுமூடியை எடுத்து மாட்டிக்கொள்வாள், மில்லில் மெஷின் பக்கத்தில் நிற்பவர்கள் போட்டுக்கொள்கிற மாதிரிப் பெரிய மஞ்சள் காதுமூடி, இந்திரகலாவே தெப்பக்குளத்துப் பக்கம் ஹார்டுவேர்க் கடையில் தேடி வாங்கியது. ஒன்றரை வருஷமாகத் தவறாமல் செய்கிற காரியம். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் டீச்சர் பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள், தலைக்குள் இன்னும் பஞ்சடைத்த மாதிரி இருக்கிறது, மறந்துபோய்விட்டது. இப்போது வரும், அந்தக் கத்தல் வரும், டெஸ்கில் நெற்றியை மோதுகிற சத்தம் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு திரும்பினால், பிள்ளை கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவது பெஞ்சில், ரித்திகாவுக்கும் கோமதிக்கும் நடுவில், முதுகை நிமிர்த்தி, எல்லாப் பிள்ளைகளையும் போல. சங்கு கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து அடங்கியது. சஷ்டிகா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானசௌந்தரி சொன்னது இதைத்தானா. கையெழுத்துப் போடப் போனபோதே சிரித்த முகமாக, "வாங்க கலா டீச்சர், உடம்பு தேவலையா? உங்க பொண்ணு இப்பத் தங்கமா மாறிட்டா, தெரியுமா?" என்றார். எந்தப் பொண்ணு என்று ஒரு நிமிஷம் புரியவில்லை, இந்திரகலாவுக்கு இரண்டும் பையன்கள். "அதான் உங்க சஷ்டிகா. சத்தமே இல்ல. அருள்ராஜ் சார் உங்க கிளாஸைப் பாத்துக்கிட்ட ஒரே வாரத்துல சரிபண்ணிட்டாரு. நீங்கதான் பாவம், எவ்வளவு மெனக்கெட்டீங்க." மெனக்கெட்டீங்க என்ற சொல்லில் ஒரு முள் இருந்தது, அது அப்போது குத்தவில்லை, படியேறும்போது கொஞ்சம் குத்தியது, பிறகு வகுப்புக்குள் வந்து பிள்ளைகள் "குட் மார்னிங் டீச்சர்" என்று இழுத்துச் சொன்ன சத்தத்தில் தலை கிறுகிறுத்து மறந்துபோனது. காய்ச்சலுக்குப் பிறகு எல்லாமே உறைக்கிறது. டியூப்லைட் கண்ணுக்குள் ஊசியாக இறங்குகிறது. வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டால் பல் கூசுகிறது, நேற்று சின்னவன் டிவி போட்டதற்கு அவள் போட்ட கூப்பாட்டில் அவன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அப்படிப்பட்ட தலையோடு வந்தவளுக்கு, வகுப்பு இன்றைக்கு அமைதியாக இருந்தது எவ்வளவு பெரிய உபகாரம். முதல் பீரியடும் இரண்டாவது பீரியடும் ஓடியதே தெரியவில்லை. எழுந்து எழுந்து போக வேண்டியதில்லை, பாதி வாக்கியத்தில் நிறுத்த வேண்டியதில்லை, பின்னங்களை முழுசாக, தான் படித்த காலத்தில் சொல்லித்தந்த மாதிரி வரிசையாகச் சொல்லித்தந்தாள், அரை, கால், முக்கால், பிள்ளைகளும் டக்குடக்கென்று பதில் சொன்னார்கள். ஒரு இடத்தில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதை இப்போது நினைக்கிறாள், சிரித்தேன், இந்தப் பிள்ளை இப்படி உட்கார்ந்திருக்கும்போது நான் சிரித்தேன்.

எப்படி உட்கார்ந்திருக்கும்போது? நன்றாகத்தானே உட்கார்ந்திருக்கிறாள். பாதிக் கோட்டை இழுத்து முடித்தாள், வட்டம் நாலு துண்டானது, ஒரு துண்டுக்கு வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தாள். சஷ்டிகா ஒரு நாளும் அசையாமல் இருந்தவள் இல்லை. ஒன்பது வயது, ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்த பிள்ளை, பேச்சு ரொம்பக் குறைவு, 'தண்ணி', 'போதும்', 'டீச்சர் வா', அவ்வளவுதான், ஆனால் உடம்பு பேசிக்கொண்டே இருக்கும். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுவாள். ம்ம்ம் என்று அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம் போடுவாள், வகுப்பே அதற்குப் பழகிவிட்டது, ஃபேன் ஓடுகிற மாதிரி அதுவும் ஓடிக்கொண்டிருக்கும், அது கொஞ்சம் ஏறினால் அவளுக்கு ஏதோ பிடிக்கவில்லை என்று அர்த்தம், உடனே, "சஷ்டி, நோட்டை எல்லாம் அடுக்கி மேஜைக்குக் கொண்டுவா" என்பாள் இந்திரகலா, கனமான நோட்டுக்கட்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்தால் அவளுக்கு உடம்பு ஒரு நிலைக்கு வரும். இல்லாவிட்டால், "சுவரைத் தள்ளு, சுவரு விழுதான்னு பாப்போம்" என்பாள், இரண்டு கையாலும் சுவரைத் தள்ளுவாள், கூடவே முகேஷும் தள்ளுவான். அதற்கும் அடங்காவிட்டால் மூலை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம், பழைய நூல்சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டு, உள்ளே பாய் போட்டு, மடியில் வைத்துக்கொள்ள புளியங்கொட்டை நிரப்பித் தைத்த பை. அந்தப் பையை மடியில் வைத்தால் பிள்ளை மூச்சு விடுவது மாறும், அதை இந்திரகலா தன் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், மேலே மேலே போய்க்கொண்டிருந்த மூச்சு மெல்ல வயிற்றுக்கு இறங்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே திரையை விலக்கிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்காருவாள். இதெல்லாம் யாரும் சொல்லித்தந்து வந்ததில்லை, பாதி ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டது, பாதி அடியும் கடியும் வாங்கித் தெரிந்துகொண்டது. இப்போது அந்த மூலையைப் பார்த்தாள். காலையிலேயே பார்த்ததுதான். துடைப்பமும் சுருட்டிய சார்ட்டுகளும் நின்றன. பெருக்குகிற அம்மா வைத்திருப்பார் என்று நினைத்தாள். காலையிலேயே பார்த்தேனே. பார்த்துவிட்டுத்தானே பின்னம் நடத்தினேன்.

ரீங்காரம் இல்லை. அதுதான் என்று இப்போது பிடிபட்டது, காலையிலிருந்து வகுப்பில் ஏதோ ஒன்று நின்றுபோன மாதிரி இருந்ததே, கரண்டு போனால் ஃப்ரிட்ஜ் நின்றதும் வீடு ஒரு மாதிரி ஆகுமே அந்த மாதிரி, அதுதான். பலகையில் அடுத்த வட்டத்தைப் போடாமல் அவள் நடந்து இரண்டாவது பெஞ்சுக்கு வந்தாள். சஷ்டிகாவின் கண் பலகையில் இருந்தது, ஆனால் பலகைக்கும் அவளுக்கும் நடுவே டீச்சர் வந்து நின்றபோது அது டீச்சருக்கு நகரவும் இல்லை, டீச்சரைத் தாண்டவும் இல்லை. நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. கையைக் கட்டியிருந்த விதத்தில் விரல்கள் முழங்கைச் சதைக்குள் புதைந்திருந்தன. "ரித்திகா, இவளோட காதுமூடி எங்கடி?" என்று கேட்டபோது தன் குரல் சாதாரணமாக இருந்தது இந்திரகலாவுக்கே ஆச்சரியம்.

"அருள்ராஜ் சார் வாங்கி வச்சுக்கிட்டாரு டீச்சர். இனிமே அவளுக்கு வேண்டாமாம்."

"எப்ப?"

"நீங்க லீவு போட்ட மறுநாளே."

கடைசி பெஞ்சிலிருந்து முகேஷ் எழுந்தே விட்டான். "டீச்சர், நாங்கதான் டீச்சர் அவளைப் பழக்குனோம்! எங்க கிளாஸ் பூரா!"

"என்னத்தைடா பழக்குனீங்க?"

"சத்தத்தை டீச்சர்."

அதற்குப் பிறகு யார் சொன்னார்கள், எந்த வரிசையில் சொன்னார்கள் என்பதெல்லாம் கலந்துபோனது, எல்லோருக்கும் சொல்ல ஆசை, நல்ல காரியம் செய்தவர்களுக்கு உள்ள அவசரம், கை தூக்குகிறார்கள், எழுந்து நிற்கிறார்கள், நான் சொல்றேன் டீச்சர், நான் சொல்றேன். சார் எல்லாரையும் அவளைச் சுத்தி வட்டமா நிக்கச் சொன்னாரு டீச்சர். அவ அழுதா நாங்க கை தட்டணும். அழுகைய நிப்பாட்டினா நாங்களும் நிப்பாட்டணும். கை தட்டி வலிச்சிருச்சு டீச்சர், அதனால சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கச் சொன்னாரு. தட்டுல ஸ்பூன் வச்சு அடிச்சோம் டீச்சர். முதநாள் ரொம்ப நேரம் அழுதா. தரையில உருண்டா. மூலைக்கு ஓடுனா டீச்சர், சார் புடிச்சுக் கூட்டியாந்து நடுவுல உக்கார வச்சாரு. ரெண்டாநாள் கொஞ்ச நேரம்தான் அழுதா. அப்புறம் அழவே இல்ல டீச்சர், நாங்க எவ்வளவு அடிச்சாலும் அழவே இல்ல. சார் எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தாரு. அவளுக்கும் குடுத்தாரு, அவ திங்கல, கைல வச்சிருந்தா, உருகிருச்சு. தட்டு. சத்துணவுத் தட்டு, எவர்சில்வர், சிமெண்டுத் தரையில் ஒன்று விழுந்தாலே இந்திரகலாவுக்கு நெஞ்சு திடுக்கென்கும். அதை முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அடித்தால். வட்டமாக நின்று. வட்டத்துக்கு நடுவே. பலகையில் அவள் போட்டு நாலாக வெட்டிய வட்டம் இருந்தது, அதைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தாள், வெளியே வேப்பமரத்தடியில் ஒரு நாய் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையைக் கையைக் கட்டிப்போட்டு அடித்தார்கள் என்றால் போலீசுக்குப் போகலாம். கை தட்டினார்கள் என்று எங்கே போய்ச் சொல்வது. இவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, வகுப்பில் பேச்சு பெஞ்சு பெஞ்சாக அணைந்தது. தூக்கிய கைகள் இறங்கின. முகேஷ் உட்கார்ந்தான். சஷ்டிகாவுக்கு டிபன் டப்பாவைத் திறந்து கொடுப்பது, அவளுக்குச் செருப்பு மாட்டிவிடுவது எல்லாம் செய்கிற கோமதி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "நான் மெதுவாத்தான் டீச்சர் தட்டினேன்" என்றாள்.

"கலர் அடிங்க" என்றாள் இந்திரகலா. நீங்கள் செய்தது தப்பு என்று சொல்வதா, உங்களுக்குத் தெரியாது என்று சொல்வதா, பெரியவர்கள் சொன்னால் செய்யத்தான் வேண்டும் என்று அவள்தானே தினமும் சொல்கிறாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அருள்ராஜ் சார், ஐந்தாம் வகுப்பு வாத்தியார், முப்பது வயதுதான் இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடித்தவர், ஸ்போர்ட்ஸ் நாளில் மைதானத்துக்கு அவரே சுண்ணாம்புக் கோடு போடுவார், கையில் வருகைப் பதிவேட்டோடு போனவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "எப்படி டீச்சர்? பாத்தீங்களா?" என்று சஷ்டிகாவைக் கண்ணால் காட்டினார். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அதுதான் இந்திரகலாவை நிலைகுலைய வைத்தது, அவள் ஒரு கெட்ட முகத்தை எதிர்பார்த்துத்தான் வாசலுக்குப் போயிருந்தாள்.

"பிள்ளைய என்ன சார் பண்ணீங்க?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க. நான் ஒரு அடி அடிச்சேனா, கேட்டுப் பாருங்க. கை வைக்கல."

"தட்டை எடுத்து அடிக்கச் சொல்லியிருக்கீங்க. அவ காதுகிட்ட."

"பழகணும்ல டீச்சர். எங்கப்பா என்னையக் கிணத்துல தூக்கிப் போட்டாரு. மூணு தடவை முங்குனேன், தண்ணி குடிச்சேன், நாலாவது தடவை நீந்திட்டேன். அன்னைக்கு அவரு போடலைன்னா இன்னைக்கும் பயந்துட்டுத்தான் இருப்பேன். நாளைக்கு இந்தப் புள்ள வெளிய போனா பஸ்ஸு ஹாரன் அடிக்காம இருக்குமா? ஊரு பூராத்துக்கும் காதுமூடி மாட்டிவிட முடியுமா? நீங்க நல்லா பாத்துக்கிட்டீங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நீங்க தாங்கித் தாங்கி வச்சதுலதான் டீச்சர் அவ அப்படியே இருந்தா." குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது, பாராட்டு வரும் என்று வந்தவரின் வருத்தம். அவர் போய்விட்டார். ஒரு சொல் திருப்பிச் சொல்லியிருக்கலாம். கிணறு வேற சார் என்று சொல்லியிருக்கலாம். கிணற்றிலிருந்து மேலே வந்தீர்கள், மூச்சு கிடைத்தது, இவளுக்கு மேலே எது, எங்கே வந்து மூச்சு விடுவாள் என்று கேட்டிருக்கலாம். அதெல்லாம் அவர் போன பிறகுதான் தோன்றுகிறது. அவர் நின்றபோது தோன்றியது வேறு. நாளைக்கு பஸ்ஸு ஹாரன் அடிக்காம இருக்குமா, இதை அவளும்தான் ராத்திரிகளில் தனக்குத்தானே கேட்டுப் பார்த்திருக்கிறாள், ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போவாளே, அங்கே யார் டெஸ்கில் தட்டுவார்கள் என்று. ஒருவேளை. ஒருவேளை அவர் சொல்வது. சங்கு ஊதியது, பிள்ளை அழவில்லை, அது கண்ணால் பார்த்த நிஜம்தானே. ஒன்றரை வருஷம் தன்னால் முடியாததை ஒருத்தர் ஒரு வாரத்தில் செய்தால் வயிறெரிகிறதா உனக்கு? அழாத பிள்ளையைப் பார்த்து அழ வேண்டும் என்று ஆசைப்படுகிறாயா? நெற்றிப்பொட்டில் நரம்பு துடித்தது, டியூப்லைட் ஊசி ஊசியாக இறக்கியது, நீ காய்ச்சல்காரி, உனக்கு எல்லாம் பெரிசாகத் தெரிகிறது. அவள் போய் லைட்டை அணைத்தாள். வகுப்பு மங்கலானது. பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். லைட்டை அணைத்தால் சஷ்டிகாவுக்குப் பிடிக்கும், ஆட்டம் நிற்கும், சில நாள் சிரிப்பாள். ஆட்டம்தான் இல்லையே, எதை நிறுத்த.

பெஞ்சுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "சஷ்டி." கண் வரவில்லை. "சஷ்டி, டீச்சர் வந்துட்டேன் பாரு. சுவரைத் தள்ளுவோமா? வா, சுவரு விழுதான்னு பாப்போம்." முகேஷ் பாதி எழுந்து நின்றான், அவனுக்கும் அழைப்பு என்று நினைத்து, பிறகு யாரும் அசையாததைக் கண்டு உட்கார்ந்தான். பூ மாதிரித் தொட்டால் அந்தப் பிள்ளைக்குப் பிடிக்காது, எறும்பு ஊர்கிற மாதிரி உதறுவாள், அழுத்தித் தொட வேண்டும், அதனால் இந்திரகலா இரண்டு உள்ளங்கையையும் அவள் தோளில் வைத்து நன்றாக அழுத்தினாள். தோள் கல்லாக இருந்தது. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு இறுக்கம் இருக்க முடியுமா, தூக்கத்தில்கூட இது இளகாது போல இருந்தது. அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடிக்கிற மணி, வகுப்புக்கு நேர் வெளியே. சஷ்டிகாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, இமைகூடத் துடிக்கவில்லை, தூரத்தில் நின்று பார்க்கிற யாரும் சத்தியம் செய்வார்கள், இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்று. ஆனால் தோளில் கை வைத்திருந்தவளுக்கு அடியில் என்ன ஓடியது என்று தெரிந்தது. மின்சாரம் மாதிரி ஒரு நடுக்கம், ஒவ்வொரு அடிக்கும் ஒன்று, தோளிலிருந்து கழுத்துக்கு ஏறி, தாடையில் போய் நின்றது. தாடைச் சதை புடைத்தது. பல்லைக் கடிக்கிறாள். இல்லை, பல்லை இல்லை, வேறு எதையோ. "வாயைத் திற கண்ணு. ஆ காட்டு. ஆ." திறக்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து உதட்டில் வைத்தாள், பிள்ளை சொன்னதைச் செய்கிற பிள்ளையாகிவிட்டாளே, வாயில் வாங்கிக்கொண்டாள், விழுங்கவில்லை, கொஞ்ச நேரம் வைத்திருந்து அப்படியே வெளியே விட்டாள். டெஸ்கில், திறந்து கிடந்த கணக்கு நோட்டின் வெள்ளைப் பக்கத்தில், தண்ணீர் சிவப்பாகப் பரவியது. கோமதி, "டீச்சர், ரத்தம்" என்றாள். விரலால் உதட்டை விலக்கிப் பார்த்தாள் இந்திரகலா. இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் கடித்துக் கடித்துக் கிழிந்து, பழைய புண் வெளுத்து, அதன் மேல் புதுப் புண். ஒரு நாள் புண் இல்லை. வெளியே போக வேண்டிய கத்தல் எல்லாம் அங்கே போயிருந்தது.

பிள்ளைகளைச் சாப்பிடப் போகச் சொன்னது அவள்தானா, அவர்களாகவே போனார்களா, தெரியவில்லை. வகுப்பு காலியாக இருந்தது. சஷ்டிகாவைத் தூக்கிப் போய்ப் பீரோ மூலையில் இருந்த துடைப்பத்தையும் சார்ட்டுகளையும் காலால் தள்ளிவிட்டு உட்காரவைத்தாள், பாயும் இல்லை, புளியங்கொட்டைப் பையும் இல்லை, தன் கைப்பையையும் இரண்டு கட்டு நோட்டுகளையும் மடியில் வைத்தாள், அவை சரிந்து விழுந்தன, மறுபடி வைத்தாள். அப்போதுதான் மாரீஸ்வரியின் குரல் வராந்தாவில் கேட்டது. சஷ்டிகாவின் அம்மா. சத்துணவுக் கூடத்தின் வாடையும் இரைச்சலும் பிள்ளைக்கு ஆகாது என்று தினமும் மதியம் தூக்குவாளியில் சாதம் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்து ஊட்டிவிட்டுப் போகிறவள். ஒன்றரை வருஷத்துக்கு முன் நாலு பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பியபிறகு இங்கே வந்து வாசலில் நின்றவள், அன்றைக்கு இருந்த முகம் இந்திரகலாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இன்றைக்கு வாசலில் தெரிந்தது அந்த முகமே இல்லை. தலையில் பூ வைத்திருந்தாள்.

"டீச்சர்! வந்துட்டீங்களா? உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன், போன் பண்ணா காய்ச்சல்ல கிடப்பீங்கன்னு விட்டுட்டேன். டீச்சர், நேத்து எங்க வீட்ல மிக்சி போட்டேன்."

இந்திரகலா எழுந்து நின்றாள். புடவையால் மூலையை மறைத்த மாதிரி நின்றாள், ஏன் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை.

"அவ இருக்கும்போதே போட்டேன் டீச்சர், பக்கத்துலயே! இத்தனை வருசம் சட்னி அரைக்கணும்னா எதுத்த வீட்டுக்குப் போவேன், இல்லைன்னா அவங்கப்பா அவளைத் தெருக்கோடிக்குத் தூக்கிட்டுப் போகணும். நேத்து ஏதோ ஞாபகத்துல சுவிட்சைப் போட்டுட்டேன், போட்டுட்டுப் பதறிப்போய்த் திரும்புனா, புள்ள அப்படியே உக்காந்திருக்கு. கும்பிட்டேன் டீச்சர், நின்ன இடத்துலயே கும்பிட்டேன். அடுத்த மாசம் எந்தம்பி கல்யாணம். இவளை வச்சுக்கிட்டு மேளச் சத்தத்துல எங்க போறதுன்னு நான் மண்டபத்துக்கே வரலைன்னு சொல்லியிருந்தேன். ராத்திரியே அவனுக்குப் போன் பண்ணிட்டேன், அக்கா வர்றேன்டா, உன் மருமகளையும் கூட்டிட்டு வர்றேன்டான்னு. அவன் அழுதுட்டான் டீச்சர்."

இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மனசில் எத்தனை வாக்கியம் கட்டியிருந்தாள், ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஒன்று, அருள்ராஜுக்கு நாலு, எல்லாம் கூர்மையாக, எல்லாம் நியாயமாக. ஒன்றுகூட இந்தப் பூ வைத்த தலைக்கு ஆகாது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம், நிஜமாகவே ஒரு கணம், நினைத்தாள். வாய்ப்புண் ஆறிவிடும். கல்யாணம் முடியட்டும். ஆனால் மண்டபத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளை கண்ணில் வந்தாள், எல்லோரும் வந்து வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறார்கள், எவ்வளவு சமத்து, எவ்வளவு சமத்து. "மாரீஸ்வரி, இங்க உக்காருங்க" என்றாள். உட்காரவைத்துச் சொன்னாள். தட்டைச் சொன்னாள், வட்டத்தைச் சொன்னாள், அழ அழ அடித்ததையும் அழுகை நின்றால் நிறுத்தியதையும் சொன்னாள். பழகவில்லை, சத்தம் போட்டால் இன்னும் சத்தம் வரும் என்று தெரிந்து உள்ளே பூட்டிக்கொண்டாள் என்று சொன்னாள். பிறகு பிள்ளையின் உதட்டை விலக்கிக் காட்டினாள். மாரீஸ்வரி குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கத்துவாள், தன் மேல் பாய்வாள், பாயட்டும் என்று இந்திரகலா காத்திருந்தாள்.

"நேத்து ராத்திரி ரசஞ்சோறு ஊட்டும்போது தலையைத் தலையை ஆட்டுனா" என்றாள் மாரீஸ்வரி, யாரிடமோ சொல்வது போல. "உறைக்குது போலன்னு நெனச்சேன்." பிறகு, "டீச்சர், நான் ஒரு தடவை போடல டீச்சர். சட்னி அரைச்சு முடிச்சப்புறமும் போட்டேன். உள்ள ஒண்ணுமே இல்லாம, வெறும் ஜாரை மாட்டி ஓட்டுனேன். எங்க மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டுனேன். எதுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். பாருங்க அழவே இல்ல பாருங்கன்னு, திரும்பத் திரும்பப் போட்டேன் டீச்சர். சந்தோசத்துல."

இந்திரகலா அவள் கையைப் பிடித்தாள். ஆறுதலாக ஒன்று சொல்லத்தான் வாயெடுத்தாள், வந்தது வேறு. "நானும்தான் மாரீஸ்வரி. காலைல ரெண்டு பீரியடு சந்தோஷமாப் பாடம் நடத்துனேன். எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." இரண்டு பேரும் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பிள்ளை, மடியில் நோட்டுக்கட்டு. சத்துணவுக் கூடத்திலிருந்து தட்டுகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள், பழைய கதவு, சாத்தினாலும் வந்தது.

"நாளைக்கு அனுப்பட்டுமா டீச்சர்?"

இந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் நின்று வாதாடியவள் இந்திரகலாதான். "நாளைக்கு வேண்டாம்" என்று தன் வாயால் சொன்னாள். "இங்க நான் பேச வேண்டியது இருக்கு. பேசி முடிச்சுட்டு நானே வீட்டுக்கு வர்றேன். இப்பக் கூட்டிட்டுப் போங்க. இருட்டா ஒரு ரூம்ல விடுங்க, மேல போர்வைய நல்லாச் சுத்தி விடுங்க. யாரும் பேச்சுக் குடுக்க வேண்டாம். வாய்க்கு டாக்டர்கிட்ட சாயந்தரம் கூட்டமில்லாத நேரமாக் காட்டுங்க. கத்துனான்னா கத்தட்டும், விட்ருங்க. எனக்குப் போன் பண்ணுங்க."

"கத்துவாளா டீச்சர்?" என்று கேட்டாள் மாரீஸ்வரி. பிள்ளை பேசுவாளா என்று முதல் நாள் கேட்டாளே, அதைவிட ஆசையாக.

தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. மாரீஸ்வரி தூக்குவாளியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டாள், பூவைத் தலையிலிருந்து எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள், குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஒன்பது வயசுப் பிள்ளை, கால் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வாசலுக்கு நேரே மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ நிற்கும், ஏறினால் நிமிஷத்தில் வீடு. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்பி, மில்லுக்குப் பின்னால் கருவேலங்காட்டு வழியாகப் போகிற மண்பாதையில் இறங்கினாள், சுற்றுவழி, உச்சி வெயில், நிழல் என்று ஒன்று கிடையாது, ஆனால் வண்டி வராது. அவர்கள் இரண்டு பேரும் ஒரே உருவமாகச் சின்னதாகிக்கொண்டு போவதை இந்திரகலா கேட்டருகில் நின்று பார்த்தாள். காய்ச்சல் திரும்புகிறதோ என்று தொட்டுப் பார்த்தாள், நெற்றி ஜில்லென்று இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் ஞானசௌந்தரியும் அருள்ராஜும் எதிரெதிரே டிபனைத் திறந்து வைத்திருந்தார்கள், எலுமிச்சைச் சாத வாசனை வாசல் வரைக்கும் வந்தது. "வாங்க கலா டீச்சர், உக்காருங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்" என்றார் ஞானசௌந்தரி.

இந்திரகலா உட்காரவில்லை. "சாப்பாட்டை மூடி வைங்க மேடம்" என்றாள்.